ஒரே திருப்புல கெளம்பணும்

…தூக்குனா பூ மாதிரி வந்துச்சும்மா, பூ மாதிரி! அப்பவே சந்தேகம் வந்திருக்கணுமா வேணாமா? பேட்டரின்னா தூக்குறப்பவே வாயில தன்னால "அம்மாடி"ன்னு வரணும். இது என்னடான்னா மேல ஒரு கைப்பிடி, சாப்பாட்டுத் தூக்கு மாதிரி. அதை ஒத்தக் கையில ஆட்டிக்கிட்டே வீட்டுக்கு வந்தாரு எங்க வீட்டுக்காரரு. மாட்டுனாரு. என்னாச்சு? ஒரு வருஷம்கூட உருப்படியா உழைக்கல. இதோ, வேலைவெட்டி இல்லாதவ மாதிரி கடையில வந்து உக்காந்திருக்கேன்!

நீ கொஞ்சம் நகந்துக்கோ தங்கச்சி… ஆங், போதும் போதும். இந்த பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை. ஓரமா உக்காந்தா குப்புறத் தள்ளிடும். அங்க ஒயரு மாட்டி சார்ஜுல போட்டிருக்கே, அந்தச் சின்ன பேட்டரி உன்னோடதா? காருதானே? பெட்ரோலா? பாத்தாலே தெரியுது. அது ஏற நேரமாகும்மா. நல்லவேளை, நானும் காத்துக்கிட்டுதான் இருக்கேன். உனக்குப் பேச்சுத் துணையாச்சு. என்னது?… ஃபோனா? பாத்துக்கலாம் பாத்துக்கலாம், ஃபோன் எங்க ஓடிப்போகப் போகுது?

வெளிய நீலக் கலருல ஒண்ணு நிக்குது பாரு, அதான் எங்க வண்டி. வீடு மாத்துற வண்டி. டீசல். உள்ள ஸ்டியரிங்கக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தரு உக்காந்திருக்காரே, அவருதான் எங்க வீட்டுக்காரரு. பாவம், பேசவே மாட்டாரு. எங்க கத்துக்கிட்டாரோ தெரியல. அவரு ஓட்டுவாரு, நான் கட்டுவேன். பாத்திரம், கண்ணாடி, டிவி எதுவா இருந்தாலும் சரி, நான் ஒரு தடவை சுத்திக் கட்டிக் குடுத்தேன்னா மாடியிலேருந்து உருட்டிவிட்டாலும் ஒரு டம்ளரு கீறாது. ஊர்ல பாதி வீட்டு சமையக்கட்டு எனக்கு அத்துப்படி. யாரு வீட்டுல தீஞ்சுபோன சட்டிய பரண்மேல ஒளிச்சு வச்சிருக்காங்கங்கிறதுகூடத் தெரியும். சொல்ல மாட்டேன். தொழில் தர்மம்னு ஒண்ணு இருக்கில்ல? ஆனா அந்தம்மாவ எங்க பாத்தாலும் எனக்குச் சிரிப்பு வந்துடும்.

என்ன சொல்லிட்டிருந்தேன்… ஆங், பேட்டரி. காலையில வண்டி அசையவே இல்ல. பக்கத்துல ஒரு லாரிக்காரரு, நல்ல மனுஷன், கேபிளைப் போட்டு அவரு பேட்டரியிலேருந்து கொஞ்சம் உயிர் குடுத்தாரு. வழியில எங்கயும் ஆஃப் பண்ணாம நேரா இங்க வந்தாச்சு. வாசல்ல வந்ததும் பழக்கதோஷத்துல சாவியத் திருப்பி ஆஃப் பண்ணிட்டாரு. அவ்வளவுதான். இனி புதுசு மாட்டுனாத்தான் அது நகரும். நாளைக்குக் காலையில பெரிய வேலை ஒண்ணு இருக்கும்மா. அது மட்டும் கெட்டுதுன்னா… சொல்றேன் சொல்றேன், அதத்தான் சொல்ல வரேன்.

மொதல்ல இதக் கேளு. எல்லாம் பேட்டரிதானே, எல்லாம் அதே பன்னெண்டு வோல்ட்டுதானேன்னு நெனைக்கிறாங்க ஜனங்க. நானும் நெனச்… எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான் நெனச்சாரு. ஆனா அப்படி இல்லம்மா. உன் பெட்ரோல் வண்டி இருக்கே, அது கோவக்காரப் புள்ள மாதிரி. ஒரு பொறி தட்டுனாப் போதும், பத்திக்கும். டீசல் அப்படியில்ல. அதுக்குப் பொறியே கெடையாது. உள்ள காத்த அமுக்கி, அமுக்கி, நல்லா இறுக்கி, அந்த அமுக்கலிலேயே சூடேறித்தான் பத்தணும். அந்த அமுக்கு அமுக்க தெம்பு எங்கேருந்து வரும்? பேட்டரியிலேருந்துதான் வரணும். காலையில குளிரா இருந்துதுன்னா இன்னும் மோசம். உள்ள சூடேத்த ஹீட்டர் ப்ளக்குன்னு ஒண்ணு இருக்கு, மொதல்ல அதுக்குக் கொஞ்சம் பங்கு குடுக்கணும். அப்புறம்தான் இஞ்சினு. ஓட்டப்பந்தயத்துக்குப் போறவனுக்கு அரை வயித்துக்குக் கஞ்சி ஊத்தி அனுப்புன கதையாப் போச்சு எங்க கதை!

அந்த ஆம்பியரு, அதாம்மா மேல நம்பரு போட்டிருக்கே, அது ஒண்ணு. அது அண்டா எவ்வளவு பெருசுங்கிற கணக்கு. ஆனா அண்டா பெருசா இருந்துட்டாப் போதுமா? குழாய் வாய் சின்னதா இருந்தா தண்ணி சொட்டுச் சொட்டாத்தானே விழும்? டீசலுக்கு குபுக்குன்னு கொட்டணும். அதுக்குத் தனியா ஒரு நம்பரு இருக்காம், ஸ்டார்ட் பண்றப்ப ஒரே மூச்சுல எவ்வளவு தள்ளும்னு. கடைக்கார அண்ணன் இப்பத்தான் காட்டுனாரு. ரெண்டையும் பாக்கணும். எங்களோடதுல ரெண்டுமே கம்மி. சின்னக் காருக்கு வைக்கிறத எடுத்து இந்த யானைக்கு வச்சா?

வெயில் காலத்துல ஓடிச்சும்மா, இல்லேன்னு சொல்லல. குளிரும் மழையும் ஆரம்பிச்சுது, நம்ம பேட்டரி ஐயா படுத்துட்டாரு. அப்புறம் எங்க பொழப்பு என்னாச்சு தெரியுமா? சரிவு தேடுற பொழப்பு! இந்த ஊர்ல எந்தத் தெரு மேடு, எந்தத் தெரு பள்ளம்னு எங்களக் கேளு. மேட்டுல நிறுத்துவாரு, பிரேக்க விட்டா உருளும், உருள உருள கியரப் போட்டு உசுப்பிவிடுவாரு. சொந்தக்காரங்க கல்யாணத்துக்குப் போனோம். மண்டபம் சமதரையில இருக்குன்னு எங்கயோ ஒரு மேட்டுல வண்டிய விட்டுட்டு வேர்த்து விறுவிறுத்து நடந்து வந்தோம். எங்க நாத்தனா கேக்குறா, "என்ன அண்ணி, நடந்தே வந்தீங்களா?"ன்னு. "உடம்புக்கு நல்லது"ன்னேன். வேற என்னத்தச் சொல்ல?

என்ன அண்ணே, எடுத்துட்டு வந்துட்டீங்களா? காட்டுங்க… ஆங், இது! இதுல கனம் இருக்கு. பாரு தங்கச்சி, அண்ணன் மூச்சு வாங்குறாரு, அப்பன்னா நல்ல பேட்டரி. ஆனா இருங்கண்ணே, இருங்க… பிளஸ் இந்தப் பக்கமால்ல இருக்கு? எங்க வண்டியில பிளஸ்ஸு ஒயரு குட்டை. அந்தப் பக்கம் இருந்தாத்தான் எட்டும். இழுத்துக் கட்டுனா ஒருநாளைக்குப் பொகையும். ஆமா, வேற பாருங்க. ஒசரத்தையும் பாத்துக்கோங்க. பெட்டிக்குள்ள இறங்கணும், மேல கம்பி மாட்டணும். இப்ப இருக்குறது குட்டையா இருந்து, அடியில பலகைய வச்சு நாடாவால கட்டி வச்சிருக்கோம். குழந்தைய நாற்காலியில உக்காத்தி வச்ச மாதிரி… குடோன்ல இருக்கா? போய்ப் பாருங்க, நாங்க பேசிக்கிட்டிருக்கோம்.

போயிட்டாரு. நல்ல மனுஷன். வாய்தான் ஜாஸ்தி.

ம்… அந்த வேலையச் சொல்றேன்னேன்ல? மழை ஆரம்பிச்ச புதுசு. ஒரு வீட்டுல கூப்புட்டாங்க. கீழ அப்பா அம்மா, மாடியில மகனும் மருமகளும். மகனும் மருமகளும் மட்டும் வேற எடத்துக்குத் தனியாப் போறாங்க. போன உடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சந்தோஷமா வீடு மாறுறவங்க வீட்டுல கத்துவாங்கம்மா. "அதப் பாத்து எடு, இதக் கீழ போடாத"ன்னு ஒரே கூச்சலா இருக்கும். இங்க ஊசி விழுந்தா கேக்கும். மாமியா கீழ ரூமுக்குள்ள போயி கதவச் சாத்திக்கிட்டாங்க. மருமக மாடியில ஒவ்வொண்ணா எடுத்துக் குடுக்குறா, முகத்துல ஈயாடல. மகன் ரெண்டு பக்கமும் பாக்க முடியாம தரையப் பாத்துக்கிட்டே நடக்குறான். மாமனாரு மட்டும் ஒரு பூந்தொட்டியத் தூக்கிக்கிட்டு வண்டி வரைக்கும் வராரு, ஏத்தலாமா வேணாமான்னு நிக்கிறாரு, திரும்பத் தூக்கிட்டுப் போறாரு. மறுபடி வராரு. நான் "குடுங்கய்யா, ஏத்திடறேன்"ன்னா, "இருக்கட்டும்மா, கொஞ்சம் யோசிக்கிறேன்"ங்கிறாரு. பூந்தொட்டிக்கு என்னய்யா யோசனை?

என்ன சண்டைன்னு கேளு. நீ கேக்க மாட்டே, நானே சொல்றேன். பால்கனி கதவு! மாடியில இருக்குற பால்கனி கதவ மருமக தொறப்பாளாம், காத்து வரணும்னு. துணி எடுக்க மேல போற மாமியா சாத்துவாங்களாம், கொசு வருதுன்னு. இவ தொறக்க, அவங்க சாத்த. அவங்க சாத்த, இவ தொறக்க. இதுலேயே வருஷம் ஓடியிருக்கு. ஒருநாளு இவ "இது என் வீடா உங்க வீடா?"ன்னு கேட்டுட்டா. அவங்க "இத்தனை நாளு தெரியலையா?"ன்னுட்டாங்க. முடிஞ்சுது! அதுக்கப்புறம் பேச்சு வார்த்தையே இல்ல. பேசுறதா இருந்தா செவுத்தப் பாத்துப் பேசுறது. "சிலருக்குச் சொன்னாப் புரியாது." "சிலருக்குச் சொல்லவே தெரியாது." செவுரு பாவம்.

நாங்க ஏத்திட்டோம். பீரோ, கட்டிலு, வாஷிங் மெஷினு, பெட்டி பெட்டியா சாமான். நான் கட்டுன கட்டு, சும்மா செதுக்கி வச்ச மாதிரி. மெத்தை மட்டும் மேல, கடைசியா. மருமக முன்னாடி சீட்டுல ஏறி உக்காந்துட்டா. வீட்டுப் பக்கமே திரும்பல. எங்க வீட்டுக்காரரு சாவியத் திருப்புனாரு.

டிக்.

அவ்வளவுதான். டிக். இன்னொரு தடவை. டிக்… டிக்… அப்புறம் அதுகூட இல்ல.

அந்தத் தெரு எப்படின்னா, பலகை மாதிரி சமதரை. அதுவும் முட்டுச்சந்து. எங்க உருட்டுறது? வண்டி நெறைய ஒரு குடும்பமே ஏறி இருக்கு, அதை யாரு தள்றது? எங்க வீட்டுக்காரரு பானெட்டத் தொறந்தாரு. தொறந்தா வந்துட்டாங்கம்மா, எங்கேருந்துதான் வருவாங்களோ! ஒருத்தரு கொதிக்கிற தண்ணிய ஊத்துங்கங்கிறாரு. ஒருத்தரு சுத்தியல்ல தட்டுங்கங்கிறாரு. ஒரு வாத்தியாரு, "எதுக்கும் ஒரு தடவை எல்லாரும் இறங்கி ஏறுங்க"ன்னாரு. கம்ப்யூட்டரா இது? எதிர்வீட்டுக்காரரு அவரு காரை எடுத்துட்டு வந்து கேபிளு போட்டாரு. உன்னோடது மாதிரி சின்னக் காரு. ஒரு உறுமு உறுமிட்டு எங்க வண்டி மறுபடி படுத்துருச்சு. அவரு காரும் ஸ்டார்ட் ஆகல! அவரு மூஞ்சியப் பாக்கணுமே நீ.

அப்பத்தான் மழை புடிச்சுது.

சும்மா தூறல் இல்லம்மா. வானம் பொத்துக்கிட்டு ஊத்துது. தார்ப்பாய எடுத்து விரிக்கிறோம், காத்துல அது எங்க வீட்டுக்காரரையே சுருட்டிக்கிச்சு. மேல மெத்தை. புது மெத்தைம்மா! மகன் இந்தப் பக்கம் இழுக்குறான், நான் அந்தப் பக்கம் இழுக்குறேன். ஒண்ணும் நடக்கல. அப்பப் பாரு, டமார்னு ஒரு சத்தம். இடின்னு நெனச்சேன். இல்ல, வீட்டுக் கதவு. மாமியா! அத்தனை நேரமா வெளிய வராத அம்மா, கையில பெரிய பிளாஸ்டிக் ஷீட்டு, தலையில ஒண்ணும் இல்ல, நனைஞ்சுக்கிட்டே ஓடி வராங்க. வந்து வண்டிக் கதவைத் தட்டி, "ஏ புள்ள! மெத்தை நனையுதுடீ! உள்ள உக்காந்து என்ன பண்றே, இறங்கு!"ன்னு ஒரு சத்தம்.

மருமக இறங்கிட்டா. யோசிக்கவே இல்ல, குதிச்சுட்டா. ரெண்டு பேரும் மெத்தைய ஆளுக்கொரு முனையில புடிச்சாங்க பாரு… "மேல தூக்கு!" "நீங்க அப்படிப் போங்கத்தை!" "படியில வழுக்கும், பாத்து!" மாசக்கணக்கா செவுத்தப் பாத்துப் பேசுனவங்க, ஒரு மெத்தைக்கு நடுவுல பேசிட்டாங்க.

அப்புறமென்ன, நனையக் கூடாததெல்லாம் உள்ள கொண்டாந்தாச்சு. எங்க வைக்கிறது? கீழ மாமியாரோட ஹால்லதான். பெட்டி மேல பெட்டி. நடக்க எடமில்ல. கடைசியில மெத்தை மேல மாமியாரும் மருமகளும் பக்கத்துப் பக்கத்துல உக்காந்தாகணும், வேற எடமே இல்ல. நான் ஒரு பெட்டி மேல. மாமனாரு மழையோட மழையா டீ போட்டுக் கொண்டாந்தாரு. டீய ஊதுற சத்தம்தான். எனக்கா வாய் நமநமங்குது. ஆனா நானே பேசலம்மா, பாத்துக்கோ!

அந்தம்மா டம்ளரப் பாத்துக்கிட்டே கேட்டாங்க, "போற வீட்டுல பால்கனி இருக்கா?"ன்னு.

அவ, "இல்லத்தை."

"ஜன்னலு?"

"ஒண்ணு இருக்கு. தொறந்தா எதிர்ல பக்கத்து வீட்டுச் செவுரு."

அந்தம்மா டீய ஒரு மடக்கு குடிச்சாங்க. அப்புறம், "அப்ப அங்க போயி எந்தக் கதவடீ தொறக்கப்போறே?"ன்னாங்க.

அவ சிரிக்க ஆரம்பிச்சா. சிரிச்சவ அப்படியே அழ ஆரம்பிச்சா. "வந்து சாத்த நீங்க இல்லாம நான் எதத் தொறந்து என்ன ஆகப்போகுது"ன்னு தேம்புறா. அந்தம்மா முந்தானையால அவ தலையத் தொடைக்கிறாங்க, தொடைக்கிறாங்க, மழைத் தண்ணியத் தொடைக்கிற மாதிரி. அவங்க கண்ணுல ஓடுறத யாரு தொடைக்கிறது? மகன் சமையக்கட்டுக்குள்ள போயி நின்னுக்கிட்டான். மாமனாரு அந்தப் பூந்தொட்டியக் கீழ வச்சுட்டு மூக்கச் சிந்துனாரு.

எல்லாம் நல்லதுதான், யாரு இல்லேன்னா! ஆனா என் நெலமைய யோசிச்சுப் பாரு. அவ்வளவு சாமானையும், ஏத்துன அத்தனையையும், மறுபடி மாடிக்கு! அந்தப் பீரோ இருக்கே, இறங்குறப்ப சாதுவா இறங்குச்சு. ஏறுறப்ப ஒவ்வொரு படியிலயும் நின்னு நின்னு வருது, மாமியா வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி. நான் என் தொழில்ல எத்தனையோ வீடு காலி பண்ணியிருக்கேன். ஒரு வீட்டக் காலி பண்ணி, அதே வீட்டுலயே கொண்டுபோயி குடிவச்சது அன்னைக்குத்தான். வண்டி ஒரு அடி நகரல!

இதோ… இரு, ஃபோனு. அவங்கதான், அந்த வீட்டு மாமனாரு! இரு இரு… அலோ! சொல்லுங்கய்யா! ஆங்… ஆங்… வரும்யா. வண்டி வரும். இல்லய்யா, நிக்காது. பேட்டரிக் கடையிலதான் உக்காந்திருக்கேன். அட, நிக்காதுங்கிறேன்ல! காலையில வந்துடறோம். அம்மாவ சாமான் கட்ட வேணாம்னு சொல்லுங்க, நான் வந்து கட்டிக்கிறேன். அவங்க கட்டுனா நான் அவுத்துல்ல கட்டணும்… என்ன? பூந்தொட்டியா? ஏத்திக்கலாம்யா, எல்லாத்தையும் ஏத்திக்கலாம். வைங்க வைங்க.

பாத்தியா? நாளைக்கு அவங்க வேலைதான். நாலு பேருமா சேந்து வேற வீட்டுக்குப் போறாங்க. மாமியாரும் மருமகளும் சேந்து தெருத்தெருவா அலைஞ்சு பாத்த வீடாம். மாடியில ரெண்டு பால்கனி. ஒண்ணு தொறந்தே இருக்குமாம், ஒண்ணு சாத்தியே இருக்குமாம். சிரிக்காதே! நெசமாத்தான். இப்ப சொல்லு, நாளைக்கு அந்த வாசல்ல வண்டி நின்னா? மாடிச் சாமானும் கீழச் சாமானும் ஏறியிருக்கும். பழைய வீட்டுச் சாவியையும் குடுத்திருப்பாங்க. போன தடவை மாதிரி உள்ள தூக்கிட்டுப் போகவும் முடியாது. அதுவுமில்லாம, நல்ல காரியம் தடங்கலாகுதேன்னு எவளாவது ஒருத்தி மனசு மாறிட்டா? மனசு இருக்கே, அது இந்த பெஞ்சு மாதிரிம்மா, ஒரு கால் குட்டை.

வந்துட்டீங்களாண்ணே! ஆங், பிளஸ் அந்தப் பக்கம், சரியா இருக்கு. எப்பச் செஞ்சதுன்னு பாத்தீங்களா? பழசத் தூசி தட்டிக் குடுத்துடாதீங்க. கடையிலேயே உக்காந்து உக்காந்து பாதி உசிரு போயிருக்கும்… போன மாசமா? நல்லது. வண்டி சார்ஜ் ஏத்துதான்னும் பாத்துடுங்க. இஞ்சினு ஓடுறப்ப அது ஒழுங்கா ஊட்டலேன்னா எந்த ராஜா பேட்டரிய வச்சும் பிரயோஜனமில்ல. என்னது? அன்னைக்கு அந்த வீட்டு வாசல்ல வண்டி நின்னப்ப உள்ள எதாவது ஓடிக்கிட்டிருந்துதான்னா… என்ன ஓடும்? ஒண்ணும் ஓடல. பாட்டு… பாட்டு கொஞ்சம் ஓடுச்சு. சாமான் ஏத்துறப்ப பாட்டு கேட்டா அலுப்புத் தெரியாதுல்ல? மெதுவாத்தான் வச்சிருந்தேன். காலையிலேருந்து… ஆமா, ஏத்தி முடிக்கிற வரைக்கும்தான். அதுக்கு ஏன் இப்படிப் பாக்குறீங்க?

என்ன சிரிப்புண்ணே உங்களுக்கு? தங்கச்சிகிட்ட என்னத்தச் சொல்லப்போறீங்க? யாரு கேட்டா? நானா? "அந்தச் சின்னதக் குடுங்க"ன்னு நானா கேட்டேன்? அவரு பெரிசத்தான் எடுத்தாரா? எடுத்து வண்டியில வைக்கத் தூக்குனப்ப நான்தான் மாத்த வச்சேனா?

…மாத்துனேன். ஆமா. இப்ப என்ன? ஊருக்கே தண்டோரா போடுங்க.

அது அப்படித்தான்மா தங்கச்சி, நான் உங்கிட்ட மறைக்கல, சொல்ல நேரம் வரல, அவ்வளவுதான். அவருக்கு இடுப்புல புடிப்பு. அதுக்கு முந்துன மாசம் ஒரு ஃப்ரிட்ஜத் தூக்கப்போயி அப்படியே கொக்கி மாதிரி வளைஞ்சுட்டாரு. நிமிர ஒரு மாசம் ஆச்சு. அன்னைக்கு இதே கடையில பெரிய பேட்டரியக் குனிஞ்சு தூக்குறாரு, தூக்குறப்ப மூஞ்சி ஒரு மாதிரி சுருங்குச்சு. வாயத் தொறந்து சொல்ற ஆளா? சொல்ல மாட்டாரு. எனக்குப் பொறுக்கல. நாளைக்குக் கழட்டணும் மாட்டணும்னா இதை யாரு தூக்குறதுன்னு, "வேணாங்க, அந்தச் சின்னதே போதும், எல்லாம் பன்னெண்டு வோல்ட்டுதானே"ன்னு நான்தான் சொன்னேன். அண்ணன் சொன்னாரு, டீசலுக்கு ஆகாதும்மான்னு. அவரும் ஒரே ஒரு வார்த்தை சொன்னாரு, "பத்தாது"ன்னு. வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசுற மனுஷன், அதுல ஒண்ண எனக்காகச் செலவு பண்ணாரு. நான் கேக்கல. கைப்பிடி வேற அழகா இருந்துச்சா…

அப்புறம் என்ன ஆச்சு? இடுப்புக்குப் பாவம் பாத்து வாங்குன பேட்டரியால, வாரத்துக்கு ரெண்டு தடவை அதே இடுப்பால வண்டியத் தள்ளுனாரு. ஒரு நாளாவது "உன்னாலதான்டீ"ன்னு சொல்லியிருப்பாரா? சொல்லல. சொல்லியிருந்தா திருப்பி நாலு வார்த்தை சண்டை போட்டு நானும் அன்னைக்கே மாத்தியிருப்பேன். சொல்லாததால எனக்கு ரோஷம். பாரு, அவரு பேசாம இருக்குறதும் ஒரு குத்தம்தான்! என்ன, சரிதானே நான் சொல்றது?

மாட்டுறாரு பாரு, வா, வெளிய போயிப் பாக்கலாம். வா, உன்னோடது ஒண்ணும் ஓடிப்போகாது. அண்ணே, அவர தூக்க விடாதீங்க! ஏங்க, நீங்க உள்ளயே உக்காருங்க! நான் ஒரு பக்கம் புடிக்கிறேண்ணே… அம்மாடி! கேட்டியா தங்கச்சி, வாயில தன்னால வந்துச்சு! இதான் பேட்டரி! மைனஸக் கடைசியாத்தான் மாட்டணும், இல்லண்ணே? தெரியும் தெரியும். கம்பிய முறுக்குங்க, ஆடக்கூடாது. ஆடுனா உள்ள தட்டெல்லாம் ஒடையும். இன்னும் ஒரு சுத்து… போதும்.

ஏங்க! திருப்புங்க!

…ஆஹா! ஆஹாஹா! பாத்தியா! ஒரே திருப்பு! சாவியத் தொட்டாரு, கெளம்பிடுச்சு! என்னா சத்தம்! காது அடைக்குது! ஏங்க, சிரிக்கிறீங்களா? தங்கச்சி, பாத்துக்கோ, எங்க வீட்டுக்காரரு சிரிக்கிறாரு! இதப் பாக்கக் குடுத்து வச்சிருக்கணும்! அண்ணே, சார்ஜு ஏறுதா? ஏறுதா! அப்ப வேற கவலையே இல்ல! சரிம்மா, நான் வரேன், உங்கூட இவ்வளவு நேரம் பேசிக்கிட்டிருந்தது ரொம்ப… என்ன? என்னமோ சொல்றியே? கேக்கல! சத்தமாச் சொல்லு! இஞ்சின் சத்தத்துல ஒண்ணுமே… என்ன, வீடா? ஏங்க! வண்டிய ஆஃப் பண்ணுங்க! இந்தப் பொண்ணு என்னமோ சொல்லுது! அட, ஆஃப் பண்ணுங்கங்கிறேன்! என்ன முழிக்கிறீங்க, மறுபடி கெளம்பாதுன்னா? புதுப் பேட்டரிங்க! தைரியமா ஆஃப் பண்ணுங்க!

…ஆச்சு. சொல்லும்மா. நான் வாயே தொறக்கல.

ம்.

ம்… எங்க நம்பரா? எதுக்கு… ஓ. வீடு மாறணுமா? தனியாவா? ம். மாமியாரா? இல்லையா… அக்காவா! கூடப் பொறந்த அக்காவா? ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருந்துக்கிட்டுப் பேசிக்கிறதில்லையா. அட கடவுளே. ஏன்னு நான் கேக்க மாட்டேன். நீ சொல்லவும் வேணாம்.

கண்ணத் தொடச்சுக்கோ. நம்பரு தரேன், தராம என்ன. அந்தா, வண்டிக் கதவுலயே போட்டிருக்கு பாரு, எழுதிக்கோ. போகணும்னா போகத்தான் வேணும். எல்லாருக்கும் ரெண்டு பால்கனி வீடு கெடைக்குமா? நீ கூப்புடு, விடியறதுக்குள்ள வாசல்ல வந்து நிப்பேன். உன் சாமான்ல ஒரு டம்ளரு கீறாமக் கொண்டுபோய்ச் சேப்பேன். ஆனா ஒண்ணு சொல்லிடறேன், தப்பா எடுத்துக்காதே. இனிமே என் வண்டி நிக்காதும்மா. அன்னைக்கு மாதிரி டிக்குன்னு நின்னு, மழை வந்து, மெத்தை நனைஞ்சு, அதெல்லாம் நடக்காது. ஏத்துனா ஏத்துனதுதான், கெளம்பிடும். அதனால என்னக் கூப்புடுறதுக்கு முன்னாடி, நீயே ஒரு நாளு ரெண்டு டம்ளர் டீயப் போட்டு எடுத்துட்டுப் போயி அக்கா பக்கத்துல உக்காரு. அவங்க குடிக்கலேன்னா அப்ப கூப்புடு. குடிச்சாங்கன்னாலும் கூப்புடு, எனக்குத் தெரியணும்ல!

சரி, வரேன்மா. ஏங்க, சாவியத் திருப்புங்க!

பாத்தியா?